மரியாதைக்குப் பறித்த தக்காளி

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு உரம், பூச்சி, பாசனம் எல்லாம் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். இளநீரைப் பற்றி யாரும் சொல்லித்தர மாட்டார்கள். நீங்கள் ஒரு வயலுக்குப் போய் வண்டியை நிறுத்துவதற்குள் அங்கே ஒருவர் தென்னை மரத்தில் ஏறிக்கொண்டிருப்பார். வேண்டாம் என்று சொல்லிப் பயனில்லை. நானும் பல வருஷம் சொல்லிப் பார்த்தேன். வாங்கிக் குடித்துவிடுங்கள். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள். உங்களுக்கு இளநீர் வெட்டித் தந்தவர், சோதனைக்கு என்று நீங்கள் பழம் கேட்டாலும் அதே மனதோடுதான் தருவார். இருப்பதிலேயே நல்லதைப் பொறுக்கித் தருவார். நம் வேலைக்கு அதைவிடப் பெரிய இடைஞ்சல் கிடையாது.

இதை நான் தெரிந்துகொண்டது ஒரு தக்காளி விவகாரத்தில். அதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

நான் அப்போது பெரம்பலூரில் தோட்டக்கலை ஆபீசில் இருந்தேன். அதற்கு முன் ஆண்டிமடத்தில் முந்திரி பார்த்துக்கொண்டிருந்தவன். முந்திரி மனிதனை அவசரப்படுத்தாத பயிர். அங்கிருந்து தூக்கித் தக்காளியில் போட்டார்கள். அது காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்று விற்கும். அந்த வருஷங்களில் அரியலூர் தனி மாவட்டமாகப் போனது, திரும்பி வந்தது, மறுபடியும் போனது. ஆபீஸ் போர்டு எழுதும் பெயிண்டர் எங்களுக்கு நல்ல பழக்கமாகிவிட்டார்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் காதர் பாய் என்னைத் தேடி வந்தார். லப்பைக்குடிக்காட்டுக்காரர். சவூதியில் ஒரு பெரிய சமையல்கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு லீவில் வந்திருந்தார். பேச ஆரம்பிக்கும்போதே உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

“டின்னு ஒடைச்சு ஒடைச்சு காய்ச்சுப் போச்சு சார். பூரா தக்காளிக் கூழு. எந்தெந்த நாட்டுலேருந்தோ வருது. நம்ம ஊர்ல என்னடான்னா வெலை இல்லாதப்ப ரோட்டுல கொட்டிட்டுப் போறாங்க. இத நாமளே செஞ்சா என்னன்னு தோணுச்சு.”

தோன்றியதோடு அவர் நிற்கவில்லை. ஊருக்கு வெளியே கொட்டகை போட்டு, கூழ் எடுக்கும் மெஷினும் பாய்லரும் வாங்கி வைத்துவிட்டார். வாங்கிக்கொள்ள சென்னையில் ஒரு சாஸ் கம்பெனியையும் பிடித்துவிட்டார். பிள்ளைகளுக்கு விற்கிற சாஸ். பாட்டிலில் வைட்டமின் சி என்று கொட்டை எழுத்தில் அச்சடிக்க வேண்டுமாம். அவர்கள் பாயின் கூழை மாதிரிக்கு வாங்கிப் பார்த்துவிட்டு, தண்ணீராக இருக்கிறது, சத்தும் போதாது, இவ்வளவு கெட்டியும் இவ்வளவு வைட்டமினும் இருந்தால்தான் எடுப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

லீவு முடிய அதிக நாள் இல்லை. அவருடைய மச்சான், அதாவது மனைவி சபியாவின் அண்ணன், அங்கே புது விசா ஒன்றுக்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். தேதிக்குள் போகாவிட்டால் விசா போய்விடும். நாற்பதைத் தாண்டிய சமையல்காரருக்கு இன்னொரு விசா லேசில் கிடைக்காது.

“எந்த உரம் போட்டா தக்காளி கெட்டியா, சத்தா வரும்? ஒரு வார்த்த சொல்லிடுங்க சார். அந்த உரத்த நானே எடுத்து வெள்ளாமக்காரங்களுக்குக் குடுத்துடறேன். கூழு தேறும்னா இங்கயே இருந்துடுவேன். தேறாதுன்னா ஃப்ளைட் ஏறிடணும். அவ்வளவுதான் என் கத.”

புத்தகத்தில் இதற்கு விடை இருக்கிறது, நீங்களும் படித்திருப்பீர்கள். யூரியாவை மட்டும் அள்ளிப் போட்டால் இலை மண்டும், பழம் பெருக்கும், உள்ளே தண்ணீர்தான் இருக்கும். தொழு உரம், அளவான யூரியா, பொட்டாஷ் என்று சேர்த்துக் கொடுத்தால் பழத்தில் கெட்டியும் சத்தும் கூடும். ஆனால் நம் மண்ணில், நம் ரகங்களில் அது எவ்வளவு கூடும், அந்தக் கம்பெனி கேட்கிற அளவைத் தொடுமா என்பது புத்தகத்தில் இல்லை. நல்லவேளையாக எங்கள் ஆபீஸ் அதே கேள்விக்கு ஒரு சோதனை வைத்திருந்தது.

லப்பைக்குடிக்காட்டுக்குப் போகும் வழியில் தங்கராசு என்பவரின் வயலில் அது நடந்துகொண்டிருந்தது. வயலை நான்கு துண்டாகப் பிரித்திருந்தோம். ரோட்டோரம் இருந்த இரண்டு துண்டுகளுக்குத் தொழு உரமும் பொட்டாஷும் அளவான யூரியாவும். உள்ளே தள்ளி இருந்த இரண்டுக்கு யூரியா மட்டும், நம் ஜனங்கள் வழக்கமாகப் போடுவது போலத் தாராளமாக. இரண்டு பக்கத்திலும் ஒரு துண்டு நாட்டுத் தக்காளி, ஒரு துண்டு ஹைபிரிட். ஹைபிரிட்டை எங்கள் பக்கம் பெங்களூர் தக்காளி என்பார்கள். தோல் தடிப்பு, லாரியில் எவ்வளவு தூரம் போனாலும் நசுங்காது. நாட்டுத் தக்காளி சிறியது, புளிப்பு, கையில் அழுத்திப் பிடித்தாலே கசிந்துவிடும். அதனால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் விற்பனைக்குப் போட்டவர்கள் எல்லாம் ஹைபிரிட்தான் போட்டார்கள்.

பழம் சிவக்கிற நேரம். கொஞ்சம் பொறுங்கள், லேப் சொல்லட்டும் என்று பாயிடம் சொன்னேன். வழக்கப்படி முதல் நாளே தங்கராசுவுக்குச் சொல்லியனுப்பி, மறுநாள் பழம் வாங்கித் திருச்சிக்கு அனுப்பினோம்.

முடிவு தலைகீழாக வந்தது. யூரியா போட்ட தக்காளிதான் முன்னால் நின்றது. கெட்டியும் அதில்தான் அதிகம், வைட்டமின் சியும் அதில்தான் அதிகம். எருவும் பொட்டாஷும் சாப்பிட்ட தக்காளி தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருந்தது.

எங்கள் மேலதிகாரி கெட்டவர் இல்லை. கூட்டம் என்றால் மட்டும் கொஞ்சம் பதறுவார். அந்த வெள்ளிக்கிழமை பெரம்பலூரில் விவசாயிகள் கூட்டம்.

“ரிசல்ட்டு வந்துடுச்சுல்ல? மேடையில ஏறிப் படிச்சுட்டு உக்காந்துடுங்க,” என்றார்.

“தலைகீழா இருக்கு சார்.”

“லேப்ல தப்பு பண்ணிட்டாங்களா?”

“அப்படித் தெரியல.”

“அப்பறம் என்ன? சோதனைன்னு வெச்சா புஸ்தகத்துல இருக்கறதேதான் வரணுமா?”

அவர் கேட்டது நியாயம். நாம் நினைத்ததற்கு மாறாக ஒரு முடிவு வந்தால் லேபைச் சந்தேகிப்போம். நினைத்தபடியே வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவோம். இது நம் தொழிலின் வியாதி, எனக்கும் இருந்தது. அதனால் லேபைக் குறை சொல்லாமல், வயலைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அதற்குள் காதர் பாய்க்கு விஷயம் போய்விட்டது. எங்கள் ஆபீஸ் ரகசியம் எதிர்ச்சாரி டீக்கடை வரைக்கும்தான் தாங்கும். போனில் கூப்பிட்டார்.

“யூரியாதானாமே சார்? உரக்கடையில சொல்லி வெச்சுட்டேன். கூட்டத்துல நீங்க சொன்ன ஒடனே எடுத்துடுவேன். மச்சான்கிட்ட விசா வேணாம்னு சொல்லிடவா?”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுவும் சொல்லாதீங்க பாய்,” என்றேன். வைத்துவிட்டார். அந்தச் சந்தோஷக் குரல் என் காதிலேயே இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

வயலுக்குச் சொல்லாமல் கிளம்பினேன். ஆனால் என் ஸ்கூட்டர் ஊருக்கு முன்னால் போய்ச் சொல்லிவிடும் சாதி. வளைவில் திரும்பியதும், தூரத்தில் தங்கராசு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவது தெரிந்தது. ஓடியது என்னைப் பார்க்க அல்ல, மோட்டார் கொட்டகைக்கு. நான் வண்டியை நிறுத்தியபோது வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அவருடைய மனைவி பாப்பாத்தி கூடையோடு ரோட்டோரத் துண்டுக்குள் இறங்கியிருந்தார்.

“எதுக்குத் தங்கராசு இப்ப மோட்டாரு?”

“நீங்க வர்றீங்கல்ல சார். வயலு காஞ்சு கெடந்தா பாக்க நல்லாவா இருக்கும்?”

“போன தடவ பழம் எடுக்க வந்தப்பயும் தண்ணி விட்டீங்களா?”

“விடாம? நீங்கதான் மொத நாளே சொல்லி வுட்டுட்டீங்களே. கரண்ட் இருந்த வரைக்கும் விட்டேன். இந்தப் பக்கம் நல்லாப் பாஞ்சுடுச்சு. உள்ள போறதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு.” கொஞ்சம் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். “உள்ள காஞ்சு கெடந்தத நீங்க பாக்கலன்னு நெனச்சுட்டேன் சார்.”

பாப்பாத்தி ஒரு தக்காளியைப் பறித்து முந்தானையில் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக் கூடையில் வைத்தார். ஹைபிரிட். குழந்தை தலை மாதிரி இருந்தது. அடியில் மட்டும் சிவப்பு ஏறியிருந்தது.

“ஏம்மா அதையே பறிக்கிறீங்க?”

“ஆபீசருக்குக் குடுக்கறதப் பொறுக்கிக் குடுக்க வேணாமா? நல்லாப் பெருசா, லேசாச் செவந்ததாப் பாத்துதான் போன தடவயும் குடுத்தேன். கனிஞ்சதக் குடுத்தா வழியில கசிஞ்சு ஒங்க பையெல்லாம் வீணாப் போயிடாது?”

“உள்பக்கத்துல எப்படிப் பறிச்சீங்க?”

“அங்க எலை மண்டிக் கெடக்கு சார். கண்ணுக்குத் தெரியறது நல்லாச் செவந்ததுதான். நேரமாயிடுச்சேன்னு அகப்பட்டதப் பறிச்சுப் போட்டேன்.”

எனக்கு விளங்கிவிட்டது. ரோட்டோரத் தக்காளிக்கு முதல் நாள் முழுக்கத் தண்ணீர். அதிலும் பெருத்தது, பாதி பழுத்தது. உள்பக்கத்துத் தக்காளி காய்ந்த மண்ணில் நின்று, செடியிலேயே முழுக்கக் கனிந்தது. தண்ணீர் குறைந்தால் பழம் கெட்டிப்படும். செடியில் கனிந்தால் சத்து ஏறும். லேப் சொன்னது அத்தனையும் உண்மை. அது உரத்தைப் பற்றியதாக மட்டும் இல்லை. யூரியா ஜெயிக்கவில்லை; அதற்கு யாரும் மரியாதை செய்யாததால் தப்பித்திருந்தது.

யாரைத் திட்டுவது? இளநீர் வந்தது. குடித்தேன்.

“அப்ப கூட்டத்துல என்ன சொல்றது?” என்று, நான் ஆபீசுக்குத் திரும்பி எல்லாம் சொன்னதும் மேலதிகாரி கேட்டார்.

“இன்னும் தெரியலைன்னு சொல்லலாம் சார்.”

“மேடையிலயா?”

அந்த வார்த்தையை மேடையில் யாரும் சொல்லி அவர் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. எருவும் பொட்டாஷும்தான் சிறந்தது என்று புத்தகத்தில் உள்ளதைச் சொல்லிவிட்டால் கைதட்டுவார்கள். அது அநேகமாகச் சரியாகவும் இருக்கும். ஆனால் நான் சொன்ன அன்று சாயங்காலமே காதர் பாய் விசாவை விட்டுவிடுவார். புத்தகத்தில் இருப்பது பொதுவாகச் சரி. காதர் பாய் பொதுவாக வாழவில்லை, லப்பைக்குடிக்காட்டில் வாழ்ந்தார். யூரியா என்றாலும் எரு என்றாலும், அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரியாத ஒன்றைத்தான் சொல்லியிருப்பேன்.

கூட்டத்தில் எழுந்தேன். பழம் எடுத்ததில் சீரில்லை, மறுபடி எடுக்க வேண்டும், எந்த உரம் என்று இப்போது சொல்ல முடியாது என்றேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், “இதச் சொல்லவா சார் மைக்கு?” என்றார். கூட்டமே சிரித்தது. மேலதிகாரி மேஜை மேலிருந்த தண்ணீரை எடுத்து முழுவதும் குடித்தார்.

வெளியே வேப்ப மரத்தடியில் காதர் பாய் நின்றுகொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை.

“உரக்கடக்காரரு ஒரே வார்த்தையில சொல்லிட்டாரு. மச்சான் ஒரே வார்த்தையில சொல்லிட்டாரு. படிச்சவரு நீங்க ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்கறீங்களே சார்.”

“ரெண்டு பக்கமும் ஒரே தண்ணி விட்டு, ஒரே அளவு பழுத்ததா எடுக்கணும் பாய். கொஞ்ச நாள் ஆகும்.”

“எங்கிட்ட இருக்கறதே கொஞ்ச நாள்தான். அதையும் நீங்க எடுத்துக்கிட்டா எப்படி?”

அவர் பஸ் ஏறிப் போய்விட்டார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சரியானதைச் செய்தால் மனது லேசாக இருக்கும் என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள்.

ஒரே அளவு பழுத்த பழமாக எடுக்க ஒரு வழி உண்டு. காய் பச்சையிலிருந்து நிறம் திரும்புகிற அன்று காம்பில் ஒரு நூலைக் கட்டிவிட வேண்டும். நூல் கட்டி எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கையில் நாள் விட்டுப் பறித்தால் கண்மதிப்புக்கு வேலையில்லை. நூல் வாங்கிக்கொண்டு வயலுக்குப் போனால், அங்கே காதர் பாய் எனக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். கோபத்தோடுதான் வந்திருந்தார், ஆனால் வந்திருந்தார். என் கையிலிருந்த நூல்கண்டை வாங்கிக்கொண்டு, பேசாமல் செடிகளுக்குள் இறங்கிக் கட்ட ஆரம்பித்தார்.

மரியாதையை எப்படி நிறுத்துவது என்பதுதான் பாக்கி. தண்ணீர் விட்டால் நான்கு துண்டுக்கும் ஒரே அளவு விட வேண்டும், ஆபீசர் வருகிறார் என்று மோட்டார் போடக்கூடாது என்று தங்கராசுவிடம் சொன்னேன். ஒப்புக்கொண்டார். ஆனால் நான் போகும்போதெல்லாம் காய்ந்த பாத்தியை மறைப்பது போல அதன் முன்னால் வந்து நின்றுகொள்வார். பாப்பாத்தியிடம், “இந்தப் பழத்த யாரும் திங்கப் போறதில்லம்மா. அரைச்சு, மருந்து ஊத்தி, கண்ணாடிக் குழாயில விட்டு, கடைசியில கீழ கொட்டிடுவாங்க,” என்றேன்.

“திங்க மாட்டீங்களா?” என்று கேட்டார். “அப்பறம் எதுக்குச் சார் பொறுக்கணும்? எதையோ எடுத்துக்கிட்டுப் போங்க.” அந்த நிமிஷத்திலிருந்து எங்கள் தக்காளியின் மேல் அவருக்கு இருந்த அக்கறை போய்விட்டது. நீங்கள் மாதிரி எடுக்கப் போனால் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள்.

எங்கள் தக்காளிக்கு வேறு விதத்தில் காவல் கிடைத்தது. ஒரு பாய் செடி செடியாகக் குனிந்து நூல் கட்டியதை ரோட்டில் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். தர்காவில் ஓதி வாங்கிவந்த கயிறு, திருஷ்டிக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று ஊரில் பேச்சாகிவிட்டது. வழியில் போகிறவர்கள் வழக்கமாக ரசத்துக்கு இரண்டு பறித்துக்கொண்டு போவார்கள். நூல் கட்டிய பழத்தை ஒருவரும் தொடவில்லை. பக்கத்து வயல்கார அம்மா ஒருவர் பாயைத் தேடியே வந்துவிட்டார்.

“எங்க மாடு பால எக்கிக்குது பாய். அதுக்கும் ஒரு கயிறு ஓதிக் குடுங்களேன்.”

“அல்லா! நான் ஓதலம்மா. கடையில வாங்குன நூலு இது. இந்தா சாரக் கேளுங்க.”

“யாரு வாங்குனா என்ன, ஒங்க கையால குடுங்க.”

கொடுத்துத் தொலைத்தார். அந்த மாடு மறுநாள் பால் கொடுத்ததாகச் சொன்னார்கள். அதற்குத் தோட்டக்கலை ஆபீஸ் பொறுப்பல்ல. ஆனால் கூட்டத்துக்குப் பிறகு காதர் பாய் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான்.

பழம் பறித்தோம், திருச்சிக்கு அனுப்பினோம், காத்திருந்தோம். முடிவு ஆபீசுக்கு வந்து சேர்ந்த நாள், பாய் சவூதிக்குக் கிளம்பும் நாள்.

எருவும் பொட்டாஷும் போட்ட பக்கம் இந்தத் தடவை இரண்டு ரகத்திலும் முன்னால் நின்றது. அதாவது புத்தகம் பொய் சொல்லவில்லை. ஆனால் உரத்தால் வந்த வித்தியாசத்தைவிட ரகத்தால் வந்த வித்தியாசம் பெரிதாக இருந்தது. ஹைபிரிட்டுக்கு எவ்வளவு நல்ல உரம் போட்டிருந்தாலும் கம்பெனி கேட்ட அளவை எட்டவில்லை. எருவும் பொட்டாஷும் போட்ட நாட்டுத் தக்காளி மட்டும் கெட்டியிலும் தேறியது, வைட்டமினிலும் தேறியது. லாரியில் நசுங்குகிற தக்காளி என்று எல்லோரும் கைவிட்ட ரகம். பாயின் கொட்டகைக்கு லாரி தேவையில்லை. சைக்கிளில் கொண்டுபோய் இறக்கிவிடலாம்.

பாய் எந்த உரம் என்று கேட்டார். நாங்களும் எந்த உரம் என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். கூட்டத்தில் நான் எருவும் பொட்டாஷும் என்று சொல்லியிருந்தால், அவர் சரியான உரத்தைத் தவறான தக்காளிக்குப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்.

“தபால்ல அனுப்பிடுங்க,” என்றார் மேலதிகாரி. “கெளம்பற மனுசன்கிட்ட போயி இதக் காட்டி என்ன ஆகப்போகுது?”

அதுவும் நியாயம்தான். இது ஒரு வயல், ஒரு பருவம். இதை நம்பி ஒருவர் விசாவை விட்டுவிட்டு, அடுத்த பருவம் வேறு மாதிரி போனால் என்ன செய்வது? கொடுக்காமல் இருந்தால் எனக்கு ஒரு வம்பும் இல்லை. ஆனால் அந்த நாட்களை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டவன் நான். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழி முழுக்க, அவர் போயிருந்தால் நன்றாக இருக்கும் என்றும், போயிருக்கக் கூடாது என்றும் மாறி மாறி நினைத்தேன்.

போகவில்லை. வாசலில் வேன் நின்றது. மேலே பெரிய பெட்டியை வைத்துக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். பாய் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஒவ்வொருவராகக் கை கொடுத்து சலாம் சொல்லிக்கொண்டிருந்தார். சபியா வாசற்படிக்கு உள்ளே நின்றார். நான் முடிவைக் கொடுத்தேன். பாய் படித்தார். புரியாத இடத்தைக் கேட்டார், சொன்னேன்.

“அப்ப தேறும்ங்கறீங்களா சார்?”

“அந்த வயல்ல, இந்தப் பருவத்துல தேறியிருக்கு பாய். அவ்வளவுதான் இதுல இருக்கு.”

“அடுத்த வருஷம்?”

“அது எனக்குத் தெரியாது.”

“என் எடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணுவீங்க? அதையாவது சொல்லுங்க.”

“உங்க எடத்துல நான் இல்ல பாய். எனக்கு மாசம் பொறந்தா சம்பளம் வந்துடும்.”

மச்சானுக்குப் பொறுமை போய்விட்டது. அவரும் லீவில் வந்துவிட்டு அதே விமானத்தில் திரும்பிப் போகிறவர். “என்னங்க சார் நீங்க, கெளம்பற நேரத்துல வந்து. சொல்றதுன்னா தெளிவாச் சொல்லுங்க. இல்லாட்டி எங்கள விடுங்க, ஏர்போர்ட்டுக்கு நேரமாச்சு.”

“தெளிவாத்தானே அண்ணே சொல்றாரு,” என்று உள்ளிருந்து சபியாவின் குரல் வந்தது. “தெரியாதுங்கறாரு.” பிறகு பாயைப் பார்த்துச் சொன்னார்: “ஏங்க, அங்க போனா மட்டும் என்ன தெரியும்? மொதல்ல போகயில ரெண்டே வருஷம்னுதானே போனீங்க. நாட்டுத் தக்காளி போட ஆளு நான் புடிக்கிறேன். பெட்டிய எறக்கச் சொல்லுங்க.”

பாய் நிமிர்ந்து வேன் மேலிருந்த பெட்டியைப் பார்த்தார்.

பின்னால் என்ன ஆயிற்று என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசியில் கேட்பீர்கள். அடுத்த பருவம் கம்பெனி கூழை எடுத்தது. அதற்கடுத்த பருவம் மழையில் பழமெல்லாம் வெடித்து, அனுப்பியதில் பெரும்பாலானதைத் திருப்பி அனுப்பினார்கள். பாய் என்னிடம் வந்து கத்தினார். கத்திவிட்டுப் பாத்திக்கு வடிகால் எப்படி எடுப்பது என்று கேட்டார். அப்புறம் தொழில் ஒரு வழியாக நிலைத்துவிட்டது. பெரிய முதலாளி ஆகிவிடவில்லை. நான் ஓய்வுபெறும் வரை கொட்டகை நடந்துகொண்டிருந்தது.

ஆனால் அன்று அந்த வாசலில் இது எதுவும் எனக்குத் தெரியாது. மச்சான் என்னை முறைத்துக்கொண்டிருந்தார். எல்லோர் முன்னாலும், வேண்டாம் பாய், போய்விட்டு வாருங்கள் என்று கத்திவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்படிச் சொன்னால் நான் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம். வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் வேலைக்காலத்தில் நான் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அதுதான்.

காதர் பாய் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, தானே வேன் மேல் ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். பெட்டி கனம். கீழே இருந்தவர்கள் வாங்கி வாசலில் வைத்தார்கள். மச்சான் யாரிடமும் பேசாமல் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். சபியா வாசற்படி தாண்டி வெளியே வந்தார். அத்தனை ஆண்கள் கூடியிருந்த இடத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். வேன் தெருமுனை திரும்பி மறையும் வரை எழுந்திருக்கவில்லை.